பிளசர் புராணம்

எங்கள் ஆச்சிக்குக் கார் என்றால் நெல். ஆனியில் நட்டுப் புரட்டாசியில் அறுப்பது கார். அதற்கு அடுத்தது பிசானம். தாமிரபரணிக் கரையில் பிறந்து, அதே கரையில் நாலு மைல் தள்ளி வாழ்க்கைப்பட்டவளுக்கு இதில் ஒரு குழப்பமும் கிடையாது. நாலு சக்கரத்தில் ஓடுகிற சாமானுக்கு அவள் அகராதியில் வேறு பெயர்: பிளசர். வெள்ளைக்காரன் காலத்தில் சொந்த சுகத்துக்கு வைத்துக்கொண்ட வண்டி பிளஷர் கார். ஊர்க்காரர்கள் அதில் காரை உதிர்த்துவிட்டுப் பிளஷரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கார்தான் ஏற்கெனவே வயலில் நிற்கிறதே.

பின்னாளில் நான் நம் நாட்டுத் தொழில் கொள்கையைப் பற்றிக் கொஞ்சம் படித்தபோது ஒன்று விளங்கியது. சுதந்திரத்துக்கு அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் டெல்லியில் உட்கார்ந்து திட்டம் தீட்டிய மேதைகளுக்கும் எங்கள் ஆச்சிக்கும் இந்த விஷயத்தில் கருத்து வேறுபாடே இல்லை. அது பிளசர். பிளசர் என்றால் வரியைப் போடு, லைசென்ஸ் கேள், வரிசையில் நிற்க வை. ஆச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்பதால் அவளால் நாட்டுக்குச் சேதம் எதுவும் இல்லை. அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அன்றைக்கு ஒருவன் கார் வாங்க ஆசைப்பட்டால் அவனுக்கு மூன்று கோயில்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் அம்பாசடர். பம்பாயில் ஃபியட், எழுபதுகளில் அதற்குப் பத்மினி என்று நாமகரணம் ஆயிற்று. நம் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றுமே சீமையில் ஓட்டிச் சலித்த மாடல்கள். அம்பாசடர் என்பது 1950களின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு; பெற்ற தாயே மறந்துபோன பிள்ளையை நாம் 2014 வரை வைத்துச் சோறு போட்டோம். மூன்று கம்பெனியும் சேர்ந்து மொத்த தேசத்துக்கும் வருஷத்தில் ஐம்பதாயிரம் கார் செய்யவில்லை. எங்கள் ஊர் ரைஸ்மில் முதலாளி, மூத்த மகள் சடங்கான வருஷம் அம்பாசடருக்குப் பணம் கட்டினார். அவள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தபோது வண்டி வந்தது. இரண்டில் எதை முதலில் போய்ப் பார்ப்பது என்று ஊரே திண்டாடியதாக அப்பா சொல்வார்.

சின்னதாக, மலிவாக ஒரு கார் இருந்தால் நல்லது என்று டெல்லிக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது, தோன்றிய கையோடு கமிட்டி போட்டார்கள். 1960ஐ ஒட்டி எல்.கே. ஜா கமிட்டி, செய்யலாம் என்றது. செய்யலாம் என்று சொன்னது சரிதானா என்று பார்க்க இன்னொரு கமிட்டி. ஃபைல் கொழுத்தது, கார் பிறக்கவில்லை. கோயம்புத்தூர்க்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இதற்கும் முன்னால் உள்ள கதை ஒன்றைச் சொல்வார்கள்: சவர பிளேடிலிருந்து வாழைப்பழம் வரை கை வைக்காத துறையே இல்லாத ஜி.டி. நாயுடு, இரண்டு பேர் உட்காரும் காரை 2,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்றாராம். லைசென்ஸ் கிடையாது என்றார்களாம். பிளேடு செய்கிறவனிடம் போய் ஒரு நாட்டு அரசாங்கம் மழுங்கிக் காட்டிய கதை.

இப்படி எல்லாரும் கை விரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் பிரதமர் இந்திரா காந்தி வீட்டு இளைய பிள்ளை சீமையிலிருந்து திரும்பி வந்தார்.

சஞ்சய் காந்தி இங்கிலாந்தில், குரூ என்ற ஊரில், ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியில் தொழில் பழகியவர். உலகத்திலேயே விலை கூடின கார் செய்கிற இடத்தில் பழகிவிட்டு, உலகத்திலேயே விலை குறைந்த காரைச் செய்கிறேன் என்று கிளம்பினார். சாந்தி முகூர்த்தப் பட்டு நெய்யப் பழகியவன் கோவணம் தைக்க உட்கார்ந்த மாதிரி. தப்பில்லை, கோவணம்தான் அதிகம் விற்கும். விலை 6,000 ரூபாய் என்று பேச்சு. வெளிநாட்டுச் சரக்கு ஒரு திருகாணிகூடக் கிடையாது, எல்லாம் சுதேசி. 1970இல் அம்மாவின் அரசாங்கம், தகுதியான விண்ணப்பதாரர்களைத் தேசம் முழுக்கச் சலித்துப் பார்த்து, கடைசியில் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ப்புறத்தில் ஒருவரைக் கண்டுபிடித்தது. வருஷத்துக்கு 50,000 கார் செய்ய அனுமதி. பையனுக்கு வயசு இருபத்து மூன்று. அந்த வயசில் எங்கள் அப்பாவுக்கு ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கவே தாசில்தார் ஆபீசுக்கு ஆறு நடை ஆயிற்று.

கம்பெனிக்கு மாருதி என்று பெயர் வைத்தார்கள். மாருதி என்றால் காற்றின் பிள்ளை, நம்ம அனுமார். அரியானா முதலமைச்சர் பன்சிலால் குர்காவில் 300 ஏக்கர் போல ஒதுக்கிக் கொடுத்தார். டெல்லி குலாபி பாகில் பட்டறை போட்டு, மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைத்து ஒரு மாதிரி வண்டியை உருட்டிக் கூட்டினார்கள். 1972இல் டெல்லியில் நடந்த ஆசியா 72 கண்காட்சியில் மாருதியும் கொலுவிருந்தது. கொலு என்று தெரிந்துதான் சொல்கிறேன். பார்க்கலாம், கும்பிடலாம், ஓட்ட முடியாது. ஊர் ஊராக ஏஜென்சி எடுத்தவர்களிடம் முன்பணம் வாங்கியாயிற்று. அவர்கள் கடையைத் திறந்து, வாழைமரம் கட்டி, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். வாழை பழுத்தது, கார் வரவில்லை.

ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பாவம். எமர்ஜென்சி காலத்தில் மாருதி பெயரில் பஸ் பாடி கட்டினார்கள். ரோடு ரோலரும் பூட்டி விற்றார்கள். வாங்கியது பெரும்பாலும் அரசுத் துறைகள். அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எந்த எஞ்சினியருக்கு இருந்தது? ராமாயணத்து மாருதி மூலிகையைத் தேடிப்போய் மலையைப் பெயர்த்துக்கொண்டு வந்தார். டெல்லி மாருதி சின்னக் காரைத் தேடிப்போய் ரோடு ரோலரைக் கொண்டுவந்தார். எடை விஷயத்தில் பரம்பரைக் குணம் விடவில்லை.

1977இல் ஆட்சி மாறியதும் ஜனதாக்காரர்கள் நீதிபதி ஏ.சி. குப்தா தலைமையில் ஒரு விசாரணை கமிஷன் வைத்தார்கள். ஆக, காருக்கு முன்னால் கமிட்டி, காருக்குப் பின்னால் கமிஷன், நடுவில் கார் மட்டும் இல்லை. 1978இல் நீதிமன்றம் கம்பெனியை மூடச் சொல்லிவிட்டது. 1980 ஜனவரியில் அம்மா திரும்பவும் பிரதமர் ஆனார். ஜூன் 23 அன்று சஞ்சய் விமான விபத்தில் இறந்துபோனார். செத்தவரைப் பற்றி மேலே பேச வேண்டாம். அந்த வருஷம் அக்டோபரிலேயே அரசாங்கம் அந்தப் பாழடைந்த தொழிற்சாலையைத் தேசியமயமாக்கியது. பிள்ளையின் கடனைத் தாய் அடைப்பது ஊர் உலகத்தில் உள்ளதுதான். அடைத்த பணம் நம்முடையது என்பது மட்டும் கொஞ்சம் விசேஷம்.

இங்கேதான் புராணம் திரும்புகிறது. அதுவரை நடந்ததெல்லாம் பார்த்தால், அடுத்தது ஒரு மச்சானையோ மருமகனையோ உட்கார வைத்து இன்னொரு பத்து வருஷம் ஓட்டியிருக்க வேண்டும். என்ன தோன்றியதோ, வேலை தெரிந்தவரைப் பிடித்துப் போட்டார்கள். வி. கிருஷ்ணமூர்த்தி, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்; திருச்சி பெல்லில் வேலை பார்த்து அந்த நிறுவனத்துக்கே தலைவர் ஆனவர். 1981இல் மாருதி உத்யோக் என்று புதுப் பெயரில் பூஜை போட்டு, கூட்டாளி தேடி அவருடைய ஆட்கள் உலகம் சுற்றினார்கள். வருஷத்துக்கு ஒரு லட்சம் கார் இந்தியாவில் விற்கும் என்று சொன்னால் ஐரோப்பாக்காரர்கள் நம்பவில்லை. நம்மைக் கேட்டிருந்தால் நாமும் நம்பியிருக்க மாட்டோம்.

கடைசியில் வந்து மாட்டியது ஜப்பானில் சின்ன வண்டிகள் மட்டும் செய்துகொண்டிருந்த சுஸுகி. அதன் தலைவர் ஒசாமு சுஸுகி பிறவியில் சுஸுகியே இல்லை. மட்சுடா வீட்டுப் பிள்ளை. சுஸுகி வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, மாமனார் வீட்டுப் பெயரையும் கம்பெனியையும் சேர்த்துத் தலையில் ஏற்றிக்கொண்டவர். அதாவது சுத்தமான வீட்டோடு மாப்பிள்ளை. நம் தேசத்தில் வீட்டோடு மாப்பிள்ளைக்கு என்ன மரியாதை என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் அவருக்குத் தயிர்கூடக் கடைசிப் பந்தியில்தான். பெற்ற பிள்ளை பத்து வருஷத்தில் முடிக்காததை ஜப்பான் தேசத்து வீட்டோடு மாப்பிள்ளை பதினான்கு மாதத்தில் முடித்துக் கொடுத்தார். 1982 அக்டோபர் 2ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அன்றைக்குக் காந்தி ஜெயந்தி. ஆயுள் முழுக்க நடந்தே போன மனுஷருக்கு அவர்கள் செய்த மரியாதை அது.

ஜப்பான்காரன் காரை மட்டும் கொண்டுவரவில்லை. பெரிய அதிகாரியும் ஃபிட்டரும் ஒரே நிறச் சட்டை போட வேண்டும், ஒரே கேன்டீனில் வரிசையில் நின்று சாப்பிட வேண்டும், காலையில் எல்லாரும் சேர்ந்து உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்றான். கார் எஞ்சினைவிட இதுதான் எனக்குப் பெரிய அதிசயம். பியூன் பெல்லைக் கேட்டு ஓடிவராவிட்டால் பேனாவைக்கூடத் திறக்காத அரசாங்க உத்தியோகம், கையைத் தூக்கிக் காலை மடக்கிக் குனிந்து நிமிர்ந்தது என்றால், அதற்கு முன்னால் அனுமார் கடல் தாண்டியதெல்லாம் என்ன பிரமாதம்.

1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்தார். வாங்கியவர் இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர். குலுக்கலில் பெயர் விழுந்தது. இருந்த ஃபியட்டை விற்றுவிட்டு இதற்கு வந்தவர். தேதியைக் கவனியுங்கள்: சஞ்சயின் பிறந்தநாள். எஞ்சின் ஜப்பானுடையது, உடம்பு ஜப்பானுடையது, திதி மட்டும் நம்முடையது. விலை 47,500 ரூபாய். 6,000 என்று ஆரம்பித்த பேச்சு. ஆனால் அதைக் கேட்டு யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்கு முன்பே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆளுக்கு 10,000 ரூபாய் கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். காத்திருப்பதுதான் நமக்கு ரத்தத்தில் ஊறியதாயிற்றே. சீக்கிரம் டெலிவரி வாங்கியவர்கள் அதைக் கூடுதல் விலைக்குக் கைமாற்றிவிட்ட வேடிக்கையும் நடந்தது. பழையது புதியதைவிட விலை கூடுதலாக விற்பது ஊறுகாய்க்கும் அந்தக் காலத்து மாருதிக்கும் மட்டும்தான்.

உள்ளே மூன்று சிலிண்டர், 796 சி.சி. முன்சக்கரங்கள்தான் இழுக்கும். எங்கள் ஊர் லாரி டிரைவர்கள் இதைக் கேட்டுவிட்டு, “மாட்டைப் பின்னால கட்டுனாத்தான் தப்பு, முன்னால கட்டுறது சரிதானே” என்று ஒப்புதல் கொடுத்தார்கள். மறு வருஷமே வேனும் வந்தது, பிற்பாடு அதற்கு ஆம்னி என்று பெயர் ஆயிற்று. குழந்தை குட்டிகளை ஏற்றிக்கொண்டு போவதற்காகச் செய்த அந்த வேனை, கதாநாயகியின் தங்கையைக் கடத்துவதற்காகத் தமிழ் சினிமா மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் பழைய ஆம்னி பக்கத்தில் வந்து நின்று கதவு தள்ளுகிற சத்தம் கேட்டால் நான் ரெண்டு அடி விலகித்தான் நிற்பேன்.

எங்கள் வீட்டுக்கு மாருதி வந்தது 1992இல். புதிது இல்லை. அப்பா கணக்கு வாத்தியார். புதிதுக்கும் பழையதுக்கும் உள்ள வித்தியாசத்தை, வட்டியும் தேய்மானமும் போட்டு, நாற்பது பக்க நோட்டில் பதினோரு பக்கம் எழுதிப் பார்த்துவிட்டுப் பாளையங்கோட்டை டாக்டர் ஒருவர் ஆறு வருஷம் ஓட்டிய வெள்ளை நிற மாருதி 800ஐ வாங்கினார். புரோக்கர், “டாக்டர் வண்டி சார், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்தான்” என்றான். தமிழ்நாட்டில் இதுவரை விற்ற பழைய கார் எல்லாமே டாக்டர் வண்டி. நம் டாக்டர்கள் எல்லாரும் எப்போதுதான் ஊசி போட்டார்கள், எப்போதுதான் கார் விற்றார்கள் என்பது தெரியவில்லை.

அம்பாசமுத்திரத்தில் வாசலில் வண்டி வந்து நின்றது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், முன்னால் பூசணிக்காய், பானெட்டில் சந்தனம். ஆச்சி வாசல்படியை விட்டு இறங்கவில்லை. கையைக் கண்ணுக்கு மேல் வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

“எய்யா, இதுக்குள்ள நாம இருக்கணுமா, நமக்குள்ள இது இருக்கணுமா?”

“ஏறி உக்காருங்கம்மா, உள்ள நல்ல இடம்” என்றார் அப்பா.

“பிளசர்னா ரைஸ்மில்காரன் வச்சிருக்கானே, அது பிளசர். ஏறுனா வீட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கும். இது சோப்பு டப்பாவுல்லா.”

அந்தப் பெயரே நிலைத்தது. 1999இல் அவள் சாகிற வரைக்கும் அது சோப்பு டப்பாதான். ஆனால் கல்யாணம், சடங்கு, துஷ்டி எதுவானாலும் முதலில் கிளம்பி முன் சீட்டில் உட்கார்ந்திருப்பதும் அவள்தான். இறங்கினால் இடம் போய்விடும் என்று வழியில் காப்பி குடிக்கக்கூட இறங்க மாட்டாள்.

குற்றாலத்தில் சீசன் என்று கேள்விப்பட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். நாலு பேர் சௌகரியமாக உட்கார ஜப்பானில் திட்டமிட்ட வண்டியில் ஒன்பது பேர், ஒரு தூக்குவாளி புளியோதரை, எண்ணெய்ப் பாட்டில், மாற்றுத்துணி மூட்டை. சித்தப்பா மகன் டிக்கி பக்கம் மடங்கி உட்கார்ந்து, கடையம் வரைக்கும் முழங்காலுக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டே வந்தான். அப்பா நாற்பதுக்கு மேல் முள்ளை ஏற விட மாட்டார். எங்களை ஒரு டிராக்டர் முந்தியது. அப்புறம் ஒரு டி.வி.எஸ். 50, பின்னால் ரெண்டு பால் கேன்களுடன் முந்தியது. ஆச்சி ஜன்னல் வழியாக அவனைப் பார்த்துக் கையசைத்தாள். வேடிக்கையா மரியாதையா என்று அவனுக்கும் தெரிந்திருக்காது.

அந்த வண்டியோடு அப்பாவுக்கு ஒரே ஒரு சண்டைதான். மைலேஜ். நோட்டில் தேதி, லிட்டர், கிலோமீட்டர், வகுத்தால் வரும் ஈவு எல்லாம் இருக்கும். மற்றவர்களுக்குப் பதினாறு, பதினேழு என்று கொடுக்கிற வண்டி எங்களுக்கு ஒன்பதுக்கு மேல் தரவில்லை. பெட்ரோலில் கலப்படம் என்று மூன்று பங்க் மாற்றினார். டயரில் காற்று, ரோட்டில் பள்ளம், ஆச்சியின் எடை என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார். கடைசியதைச் சத்தமாகச் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து ஒர்க்‌ஷாப்பில் ஒரு பொடியன் உள்ளே குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டான்:

“சார், சோக்கை உள்ள தள்ளுறதே கிடையாதா?”

காலையில் குளிர்ந்த எஞ்சினை எழுப்ப சோக்கை இழுக்க வேண்டும். எழுந்ததும் தள்ளிவிட வேண்டும். அப்பா இழுப்பார். டாக்டர் கொடுத்த கையேட்டில் இழுப்பது பற்றிய பக்கம் இருந்தது. அடுத்த பக்கம் கிழிந்து போயிருந்தது. இருபது வருஷமாக, புத்தகத்தில் உள்ளதை மட்டும் எழுது என்று பையன்களைப் பிரம்பால் அடித்துச் சொன்னவர், புத்தகத்தில் உள்ளதை மட்டும் செய்திருக்கிறார். அன்றைக்குச் சாயங்காலம் நோட்டில் எட்டு மாதக் கணக்குக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் சின்ன எழுத்தில் ‘வழு’ என்று எழுதினார். அதன் பிறகு சோக்கைத் தள்ளுவது அவருக்குச் சந்தியாவந்தனம் மாதிரி ஆகிவிட்டது. பஸ்ஸில் போகும்போதுகூடக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வலது கை தன்னால் முன்னால் போகும்.

2008 ஜனவரியில் அதை விற்க முடிவு செய்தோம். அப்பாவுக்குக் கண்ணில் புரை. வாங்க வந்தவர் களக்காட்டு வாழைக்காய் வியாபாரி. மனைவியையும் ரெண்டு பிள்ளைகளையும் ஒரே எக்ஸெல்லில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். அந்த வாரம்தான் டாடா, டெல்லி கண்காட்சியில் நானோவைக் காட்டி ஒரு லட்ச ரூபாய் என்று அறிவித்திருந்தார்கள். ஸ்கூட்டரில் மழையில் நனைந்துகொண்டு போகிற குடும்பத்தைப் பார்த்துத்தான் ரத்தன் டாடாவுக்கு அந்த யோசனை வந்தது என்று பேப்பரில் போட்டிருந்தான். அந்தக் குடும்பம் இப்போது எங்கள் திண்ணையில் உட்கார்ந்து பேரம் பேசிக்கொண்டிருந்தது.

“ஒரு லட்சத்துக்குப் புதுசே வரப்போவுதாம்லா சார். பாத்துச் சொல்லுங்க.”

“வரட்டும். இதுவும் ஆறாயிரத்துக்கு வரப்போவுதுன்னுதான் சொன்னான். நான் அப்ப வேலைக்குச் சேர்ந்த புதுசு” என்றார் அப்பா.

28,000க்கு முடிந்தது. அந்த அக்டோபரிலேயே நானோ தொழிற்சாலை சிங்கூரில் நிலப் போராட்டத்தில் சிக்கி, வங்காளத்தை விட்டுக் குஜராத்துக்கு மூட்டை கட்டியது. பிற்பாடு வண்டி வந்தது, நன்றாகவும் இருந்தது. ஆனால் உலகத்திலேயே மலிவான கார் என்று ஊரெல்லாம் தமுக்கு அடித்துவிட்ட பிறகு அதை வாங்கி வாசலில் நிறுத்த யாருக்கு மனசு வரும்? பெண் பார்க்க அதில் போய் இறங்க முடியுமா? 2018க்கு மேல் அது இல்லை. நம்மாள் ஏழை காரை வாங்க மாட்டான். ஏழையாக இருந்தால் கடனாவது வாங்கிப் பணக்காரன் காரைத்தான் வாங்குவான். 800க்கும் 2014 ஜனவரியோடு முடிந்தது. நாலே மாதத்தில் அம்பாசடரும் பின்னாலேயே போயிற்று, உடன்கட்டை மாதிரி.

வியாபாரிக்கு ஓட்டத் தெரியாது. அதனால் வண்டியைக் களக்காட்டில் கொண்டுபோய் விடுகிற பொறுப்பு எங்கள் தலையில். நான் ஓட்டுகிறேன் என்றேன், கேட்கவில்லை. ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து, நாற்பது தாண்டாமல், அப்பாவே ஓட்டினார். வழி நெடுகக் கிளட்ச், பிரேக், சோக் என்று வியாபாரிக்குப் பாடம். சோக்குக்கு மட்டும் மூன்று தடவை. அவருடைய மனைவி பின்சீட்டில் பிள்ளைகளின் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

இருட்டிய பிறகு அந்தத் தெருவுக்குள் நுழைந்தோம். வாசலில் வாழைத்தார்கள் சாத்தியிருந்த வீடு. எஞ்சின் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு கிழவி ஆரத்தித் தட்டோடு வந்தாள். ஹெட்லைட் வெளிச்சத்தில் கண் கூச, தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதிர்வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்:

“ஏட்டி, வந்து பாரு! நம்ம வீட்டுக்குப் பிளசர் வந்துட்டு!”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எஞ்சினை அணைத்தார். சோக் உள்ளே இருக்கிறதா என்று விரலால் ஒருதரம் அழுத்திப் பார்த்துவிட்டு இறங்கினார்.